ராஜகுமாரிக்கு ஒரு நாள் லீவு

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பரீட்சை எழுதி முடித்த களைப்பு அவள் முகத்தில் இன்னும் இருந்தது. ஒரு நாள் ராத்திரி சாப்பாடு ஆனதும், "மாமா, சிரிக்கிற மாதிரி ஏதாவது படம் போடுங்களேன்" என்றாள். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது 'ரோமன் ஹாலிடே'தான். திரையில் கறுப்பு வெள்ளையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். "இதுவா? பாட்டி காலத்துப் படமாச்சே!" என்றாள்.

"பத்து நிமிஷம் பார். பிடிக்கவில்லையானால் நிறுத்திவிடுகிறேன்" என்றேன்.

நிறுத்தும்படி அவள் சொல்லவில்லை. அரண்மனை வரவேற்பில் சிலை மாதிரி நிற்கும் ராஜகுமாரி, தரையைத் தொடும் கவுனுக்கு உள்ளே ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பிறகு அதைக் காலால் துழாவுகிற இடத்திலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து, அந்தப் பெரிய மண்டபத்திலிருந்து பத்திரிகை நிருபன் ஜோ பிராட்லி கைகளைப் பையில் விட்டுக்கொண்டு தன்னந்தனியாக நடந்து வருகிறான். வாசலை நெருங்குகிறபோது ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான்.

"அவள் வர மாட்டாளா, மாமா?"

"மாட்டாள்."

"ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கக் கூடாதா?"

அதற்குள் படம் முடிந்துவிட்டது. அவள் அப்புறம் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிற படம் கேட்ட பெண்ணுக்கு நான் நல்ல படம் போட்டேன்!

1953-ம் வருஷம் வெளிவந்த படம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் காதல் படங்கள் வந்து போய்விட்டன. நாயகனும் நாயகியும் சேராமல் பிரிகிற ஒரு விளையாட்டுக் கதை மட்டும் இன்னும் ஏன் பழசாகவில்லை? கேட்டால், "அந்தப் பெண்ணின் முகம்!" என்பார்கள் சிலர். "ரோமாபுரியின் அழகு" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மைதான். ஆனால் அழகான முகங்களும் அழகான ஊர்களும் இருந்தும் மறந்துபோன படங்களுக்குக் கணக்கில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனான எனக்கு இதில் வேறொரு விஷயம் தோன்றுகிறது. அதைச் சொல்வதற்குமுன் அந்த முகத்தையும் ஊரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

இந்தக் கதையை முதலில் படமாக எடுக்க நினைத்தவர் பிராங்க் காப்ரா. 1934-ல் 'இட் ஹாப்பண்டு ஒன் நைட்' என்ற படத்தை எடுத்து ஹாலிவுட்டையே பிரமிக்க வைத்தவர். அதிலும் வீட்டை விட்டு ஓடி வந்த ஒரு பணக்காரப் பெண். அதிலும் ஒரு பத்திரிகை நிருபன். அவளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கலாம் என்று கூடவே போகிறவன். அந்தப் படத்தை நம்மவர்களுக்கும் ஒரு விதத்தில் தெரியும். 1956-ல் ஏவி.எம். நிறுவனத்தார் ராஜ் கபூரையும் நர்கீஸையும் வைத்து ஹிந்தியில் எடுத்த 'சோரி சோரி' அதன் சாயல்தான். பஸ் பிரயாணம், சண்டை, சமாதானம், கடைசியில் கல்யாணம் என்று அது சுபமாக முடிகிறது. 'ரோமன் ஹாலிடே'யை அதன் தங்கை என்று சொல்லலாம். கல்யாணம் ஆகாத தங்கை.

காப்ராவின் கையிலிருந்து கதை பாரமவுண்ட் கம்பெனிக்குப் போய், வில்லியம் வைலர் என்ற டைரக்டரிடம் வந்து சேர்ந்தது. வைலர் அதற்குமுன் இரண்டு தடவை ஆஸ்கார் பரிசு வாங்கியவர். யுத்தத்தின்போது குண்டு வீசும் விமானங்களில் ஏறிப் படம் எடுத்து, அந்த இரைச்சலில் ஒரு காதின் செவிப்புலனை இழந்தவர். ஹாலிவுட்டில் ரோமாபுரியைச் செட் போட்டு எடுக்க அவர் இஷ்டப்படவில்லை. "ரோமுக்கே போவோம்" என்றார். கம்பெனியாருக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. அமெரிக்கப் படங்கள் இத்தாலியில் சம்பாதித்த பணத்தை முழுக்க வெளியே கொண்டுபோக அந்த நாட்டுச் சட்டம் அப்போது இடம் கொடுக்கவில்லை. லீராக்களாக முடங்கிக் கிடந்த பணத்தை அங்கேயே செலவழித்துத் தீர்க்க இது நல்ல வழியாக இருந்தது. கலை எந்தெந்த வாசல் வழியாக வருகிறது பாருங்கள்!

1952-ம் வருஷக் கோடையில் படம் பிடித்தார்கள். முழுவதும் ரோமிலேயே படமாக்கி ஒலிப்பதிவும் செய்ததாகப் படத்தின் ஆரம்பத்திலேயே பெருமையாக எழுதிக் காட்டுகிறார்கள். செலவை உத்தேசித்துத்தான் வர்ணம் வேண்டாமென்று விட்டது. ஊர் என்னவோ உண்மை ஊர். ஸ்பானியப் படிக்கட்டு, டிரெவி நீரூற்று, கொலோசியம், கோட்டையின் கீழே டைபர் நதியில் மிதக்கும் நடன மேடை எல்லாம் நிஜமானவை. நாலே வருஷங்களுக்குமுன், 1948-ல், அதே ரோம் நகரத் தெருக்களில்தான் டி சிகாவின் 'பைசிகிள் தீவ்ஸ்' படத்து ஏழைத் தகப்பன் தொலைந்துபோன சைக்கிளைத் தேடி மகனோடு அலைந்தான். இப்போது அதே தெருக்களில் ராஜகுமாரி வெஸ்பா ஸ்கூட்டரைத் தாறுமாறாக ஓட்டிக் காய்கறிக் கடைகளைச் சாய்க்கிறாள். யுத்தம் முடிந்து நிமிர்ந்துகொண்டிருந்த ஓர் ஊர் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்ட காலம் அது.

இனி அந்த முகம். ஆட்ரி ஹெப்பர்னுக்கு அப்போது உலகத்தில் பெயர் கிடையாது. பெல்ஜியத்தில் 1929-ல் பிறந்தவள். யுத்த காலத்தில் ஹாலந்தில் ஆர்ன்ஹெம் நகரில் வளர்ந்து, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பசியால் வாடியவள். ஆங்கிலப் படங்களில் துக்கடா வேஷங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். 1951-ல் லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் அவளுக்குப் பரீட்சைப் படம் எடுத்தார்கள். நேரில் இருக்க முடியாத வைலர் ஒரு ரகசிய உத்தரவு கொடுத்திருந்தார்: 'கட்' சொன்ன பிறகும் காமிராவை நிறுத்தக் கூடாது! காட்சி முடிந்தது என்று நம்பிய அந்தப் பெண் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, கலகலவென்று பேசத் தொடங்கினாள். வைலருக்கு வேண்டியது அந்தச் சில நிமிஷங்கள்தான். வேடிக்கை என்னவென்றால், படத்திலும் இதுதான் நடக்கிறது. நிருபனின் சிநேகிதனான போட்டோக்காரன் சிகரெட் கொளுத்தும் லைட்டருக்குள் காமிராவை ஒளித்து வைத்துக்கொண்டு, ராஜகுமாரி அறியாமல் அவளைப் படம் பிடிக்கிறான். கதாநாயகிக்கு நேர்ந்தது அந்த வேஷம் போட்டவளுக்கு முன்னாலேயே நேர்ந்துவிட்டது.

கிரிகரி பெக் அப்போதே பெரிய நட்சத்திரம். ஒப்பந்தப்படி அவர் பெயர் மட்டுமே படத்தின் பெயருக்கு மேலே போட்டிருக்க வேண்டும். பாதிப் படப்பிடிப்பில் அவர், "அந்தப் பெண்ணின் பெயரையும் என் பெயரோடு போடுங்கள். அவள் ஆஸ்கார் வாங்கப் போகிறாள், பிறகு நான் முட்டாளாகத் தோன்றுவேன்" என்கிற அர்த்தத்தில் சொல்லியனுப்பினாராம். அப்படியே போட்டார்கள். 1954 மார்ச்சில் அவள் பரிசும் வாங்கினாள். உடைகளை அமைத்த எடித் ஹெட்டுக்கு ஒரு பரிசு. இன்னொரு பரிசு கதைக்கு. அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

பேசுவதற்குமுன் 'சத்திய வாய்' காட்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாந்தா மாரியா இன் காஸ்மெடின் என்ற கோயிலின் வாசல் தாழ்வாரத்தில் ஒரு வட்டமான கல் முகம் இருக்கிறது. பொய் சொன்னவன் அதன் வாயில் கையை விட்டால் கடித்துவிடும் என்பது ஐதிகம். ராஜகுமாரி பயந்து பயந்து கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொள்கிறாள். ஜோ துணிந்து விடுகிறான். 'ஐயோ' என்று அலறுகிறான். வெளியே இழுத்தால் சட்டைக் கைக்குள் கையைக் காணோம்! அவள் வீரிட்டது நடிப்பல்ல. பெக் அப்படிச் செய்யப் போவதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வைலர் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப எடுக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். இதை மட்டும் முதல் தடவையிலேயே போதும் என்று விட்டுவிட்டார்.

விளையாட்டாக இருந்தாலும் படத்தின் உயிர்நிலை அந்தக் காட்சிதான் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் தன் பெயர் 'ஆன்யா ஸ்மித்' என்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தவள் என்கிறாள். அவனோ உரம், ரசாயனம் விற்கிற வியாபாரி என்கிறான். அவள் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் பொய் அப்படியல்ல. ராஜகுமாரியின் ரகசியப் பேட்டிக்கு 5,000 டாலர் தருவதாக அவன் ஆசிரியர் பேசியிருக்கிறார். வாடகை பாக்கி, கையில் காசில்லை. அவள் ஐஸ்கிரீம் சாப்பிடுவதும், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதும், போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதும், நடன மேடையில் ரகசியப் போலீஸ்காரன் தலையில் கிதாரை உடைப்பதும் எல்லாம் அவனுக்குப் பணம். நல்ல சிநேகிதன் என்று அவள் நம்ப நம்ப, அவன் அவளை விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் அவன் விற்கவில்லை. "கதை ஒன்றும் இல்லை" என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுகிறான். போட்டோக்காரனும் படங்களை ஓர் உறையில் போட்டு, ரோமாபுரி விஜயத்தின் ஞாபகார்த்தம் என்று ராஜகுமாரியிடமே கொடுத்துவிடுகிறான். அந்த நிருபர் கூட்டத்தில் உண்மையான நிருபர்களையே நிறுத்தியிருந்தார் வைலர். பாரிஸின் 'லெ ஃபிகாரோ', மாட்ரிட்டின் 'ஏபிஸி' என்று அவரவர் தத்தம் பத்திரிகையின் பெயரைச் சொல்லிக் கை கொடுக்கிறார்கள். ஜோவின் முறை வரும்போது அவனும் தன் பெயரையும் பத்திரிகையையும் சொல்கிறான். அந்தப் படத்தில் அவளிடம் அவன் சொல்லும் முதல் முழு உண்மை அதுதான். அவளும் புரிந்துகொள்கிறாள். நாடுகளுக்கிடையே நட்பைப் பற்றிப் பேசுவது போல, மனிதருக்கு மனிதர் நம்பிக்கை வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறாள். அங்கிருந்த அத்தனை பேரில் அதன் பொருள் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

தெரிந்த ரகசியத்தை விற்காத ஒருவன் என்றுதான் நான் இந்தக் கதையைப் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது இதை எழுதியவன் யார் என்ற கேள்வி வருகிறது.

1953-ல் திரையில் கதாசிரியர் என்று வந்த பெயர் இயன் மக்லெல்லன் ஹண்டர். ஆஸ்கார் பரிசும் அவர் பெயருக்கே போயிற்று. ஆனால் கதை அவருடையதல்ல; அவருடைய சிநேகிதர் டால்டன் டிரம்போவினுடையது. 1940-களில் ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் டிரம்போ ஒருவர். குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு பலகையைக் குறுக்கே வைத்து எழுதுவது அவர் வழக்கம். (நம் வீடுகளில் இருக்கும் வாளிக்கும் சொம்புக்கும் அந்தச் சௌகரியம் போதாது.) கம்யூனிஸ்டுக் கட்சியிலும் அங்கத்தினராக இருந்தவர். 1947 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்டா, எப்போதாவது இருந்தாயா என்று கேட்டது. 'ஆம்' என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, கூட இருந்தவர்கள் யார் யார் என்பது. டிரம்போ உள்பட பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். காங்கிரஸை அவமதித்த குற்றம் அவர்கள்மேல் விழுந்தது. அடுத்த மாதமே ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, அந்தப் பத்துப் பேருக்கும் வேலை கிடையாது என்று அறிக்கை விட்டார்கள்.

வழக்கு மேல்கோர்ட்டு வரை போய்த் தோற்று, 1950-ல் டிரம்போ கெண்டக்கி ராஜ்யத்தில் ஆஷ்லண்ட் சிறைக்குப் போனார். பத்து மாதம் போல உள்ளே இருந்தார். விதியின் குறும்பு ஒன்றைச் சொல்லவேண்டும். விசாரணைக் கமிட்டியின் தலைவராக இருந்து கர்ஜித்த பார்னெல் தாமஸ் என்பவர், அலுவலகத்தில் இல்லாத ஆட்களுக்குச் சம்பளம் எழுதிப் பணம் சுருட்டியதற்காகத் தண்டனை பெற்றார். அவரை அடைத்த டான்பரி சிறையிலேயே, அவர் உள்ளே அனுப்பிய பத்துப் பேரில் இரண்டு பேரும் இருந்தார்கள்! இப்படி நான் நாவலில் எழுதினால் 'நம்ப முடியவில்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலையும் இல்லை, பெயரும் உதவாது என்ற நிலையில் டிரம்போ எழுதிய கதைகளில் ஒன்றுதான் நம் ராஜகுமாரியின் கதை. ஹண்டர் அதைத் தம் பெயரில் விற்று, பணத்தை டிரம்போவிடம் சேர்த்தார். திரைக்கதையில் ஹண்டரும் ஜான் டைட்டன் என்ற ஆங்கிலேயரும் வேலை செய்தார்கள். ஹண்டரைக் கதைத் திருடர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தம் தலைக்கு ஆபத்து என்று தெரிந்தே சிநேகிதனுக்காகச் செய்த உதவி அது. கொஞ்ச நாளில் அவர் பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. பிறகு அவரும், சிறையிலிருந்து வந்த ரிங் லார்ட்னரும் சேர்ந்து பிரிட்டிஷ் டெலிவிஷனுக்குப் புனைபெயர்களில் ராபின் ஹூட் கதைகள் எழுதிப் பிழைத்தார்கள். காட்டில் ஒளிந்து வாழ்ந்தவனைப் பற்றி எழுத அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

ரோமில் படம் ஓடிக்கொண்டிருந்த காமிராவுக்குப் பின்னால் நின்ற வைலரும் இந்தக் களேபரத்திற்கு வெளியே இருந்தவர் அல்லர். 1947-ல் விசாரணைக் கமிட்டியை எதிர்த்து ஜான் ஹூஸ்டன் முதலியோருடன் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். சிநேகிதனைக் காட்டிக் கொடுத்தால் சம்பளம், கொடுக்காவிட்டால் பட்டினி என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்த காலத்தில், தெரிந்ததைச் சொல்ல மறுக்கும் ஒரு நிருபனின் கதை சிரித்த முகத்தோடு தியேட்டர்களில் ஓடியது. வேண்டுமென்றே அப்படி எழுதினார் என்று நான் சாதிக்க மாட்டேன். சிறைக்குப் போவதற்கு முன்பே எழுதிய கதை அது. ஆனால் ஒரு மனிதன் எதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறானோ அது அவன் எழுதும் காதல் கதையிலும் தலை நீட்டாமல் இருக்காது. இது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

இன்னொன்றும் அனுபவத்தில் தெரியும். என்னுடைய முதல் சிறுகதை ஒரு பத்திரிகையில் அச்சாகி வந்தபோது அதன்மேல் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. தவறுதான், அடுத்த இதழில் பொடி எழுத்தில் திருத்தம் போட்டார்கள். அதை யார் படிக்கப் போகிறார்கள்? என் தகப்பனார்கூட நம்பவில்லை என்றுதான் இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சின்னஞ்சிறு கதைக்கே அப்படி. உலகமெல்லாம் கொண்டாடுகிற கதை தன்னுடையது என்று வாய் திறக்க முடியாமல் இருந்தவர் எப்படி இருந்திருப்பார்!

ஏனென்றால் உலகம் நிஜமாகவே கொண்டாடிற்று. 1954-ல் ஜப்பானில் படம் வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் 'ஹெப்பர்ன் வெட்டு' வெட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்திலோ கதையே நிஜமாகிற மாதிரி ஆயிற்று. 1953-ல் எலிஸபெத் ராணியின் முடிசூட்டு விழாவின்போது, தங்கை மார்கரெட் இளவரசி பீட்டர் டவுன்ஸெண்ட் என்ற விமானப்படை அதிகாரியின் சட்டையிலிருந்து பஞ்சைத் தட்டிவிட்டதை ஒரு நிருபர் பார்த்துவிட்டார். அவர் விவாகரத்து ஆனவர். இரண்டு வருஷம் ஊரெல்லாம் அதே பேச்சு. 1955 அக்டோபர் 31-ல், அவரை மணக்கப் போவதில்லை என்று இளவரசி அறிக்கை வெளியிட்டாள். திரையில் அந்த ராஜகுமாரி நள்ளிரவில் அரண்மனைக்குத் திரும்பி, குடும்பத்துக்கும் தேசத்துக்கும் தன் கடமை தெரியாதிருந்தால் இன்று மட்டுமல்ல, என்றுமே திரும்பியிருக்க மாட்டேன் என்று பெரியவர்களிடம் சொல்கிறாள். வழக்கமாகக் கொடுக்கும் பாலையும் பிஸ்கோத்தையும் வேண்டாமென்று அனுப்பிவிடுகிறாள். முதல் நாள் அழுது அடம் பிடித்த குழந்தை ஒரே நாளில் பெரியவளாகிவிட்டது அந்தப் பால் தம்ளரில்தான் தெரிகிறது.

டிரம்போ பல வருஷம் மெக்ஸிகோவில் இருந்தும், திரும்பி வந்தும், பொய்ப் பெயர்களில் எழுதித் தள்ளினார். 'ராபர்ட் ரிச்' என்ற பெயரில் எழுதிய கதைக்கு 1957-ல் ஆஸ்கார் கிடைத்தபோது, அப்படி ஒரு ஆளே மேடைக்கு வரவில்லை! 1960-ல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' என்ற இரண்டு படங்களில் அவருடைய சொந்தப் பெயர் மறுபடி திரையில் தோன்றியது. ராபர்ட் ரிச்சுக்கு உரிய பரிசுச் சிலையை 1975-ல் அவர் கையிலேயே கொடுத்தார்கள். மறுவருஷம் காலமானார். 'ரோமன் ஹாலிடே' பரிசு மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. 1993-ல் அவர் மனைவி கிளியோ அதை வாங்கிக்கொண்டாள். படத்தின் அதிகாரப்பூர்வமான எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று டிரம்போவின் மகன் கிறிஸ்டோபரும் ஹண்டரின் மகன் டிம்மும் கேட்டார்கள். தகப்பன்மாரின் சிநேகிதம் பிள்ளைகள் வரை வந்தது. எழுத்தாளர் சங்கம் அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது 2011 டிசம்பரில். கிறிஸ்டோபர் அந்த வருஷம் ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

இதையெல்லாம் மறுநாள் காலையில் காப்பி குடிக்கிறபோது என் மருமகளிடம் சொன்னேன். அவள் பாதி கேட்டாள். பாதி கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது கூடத்தில் மறுபடியும் அதே படம் ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. பெயர்கள் வருகிற இடத்தில் அவள் படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"இருக்கு, மாமா" என்றாள். "இதிலே போட்டிருக்கு."